அந்தக் குடை

லியனகே சார்ஜன்ட் கேட்டது
"குடயக் திபுணாத?" என்றுதான்.
சொல்லின் வாலில் அந்த 'அக்' இருந்தால்
ஏதோ ஒரு குடை,
இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
இரவு எட்டரை. மத்தியானமும் நான் சாப்பிட்டிருக்கவில்லை.
தமிழில் கேட்டேன்:
"அந்தக் குடை எந்தக் கையில இருந்தது?"

செபமாலை
பம்பலப்பிட்டிச் சந்தியில் லொத்தர் சீட்டு விற்பவர்.
பதினொரு வருசம் அதே ஸ்டூல்,
முன்னால் அதே மஞ்சள் கடவை.
கண்ணை மூடினார்.
அறைக்குள் சாமான் தேடப் போகிறவர் மாதிரி
கொஞ்ச நேரம் உள்ளே போய்
ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.
"இடக் கையில."

சார்ஜன்ட் எழுதினார். பேனை நிற்கவில்லை.
விரித்திருந்ததா, மடித்திருந்ததா?
விரிச்சது.
என்ன நிறம்?
நீலம். கரை மட்டும் வெள்ளை.
இந்தக் கேள்விகளில் என் கை இல்லை,
ஒரு எழுத்தும் கூட்டாமல் பெயர்த்துக் கொடுத்தேன்.
முதலாவதில் மட்டும்
அந்த.
மூன்றெழுத்து.

ஏழு மாதம் கழித்து நீதவான் முன்னால்
செபமாலை நின்றார், மடிப்புக் கலையாத சேட்டோடு.
குடை வளர்ந்திருந்தது.
ஒரு கம்பி வளைந்து தொங்கியதாம்.
கடற்காற்று அதை முகத்துக்கு நேரே சாய்த்ததாம்.
நூறாம் நம்பர் பஸ் வந்ததை
அந்த மனிசி காணவே இல்லையாம்.
சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.
பொய் சொல்கிறவனுக்கு அப்படி உடையாது.
சாரதியின் சட்டத்தரணி
"போதும், நன்றி" என்று உட்கார்ந்தார்.

செத்தவள் பெயர் பத்மலோசனி.
அவள் சாமான்களின் பட்டியலையும் நான்தான் பெயர்த்தேன்:
செருப்பு ஒன்று. கைப்பை. கண்ணாடிக் கூடு, கண்ணாடி இல்லாமல்.
கொத்தமல்லி ஒரு கட்டு. அரை றாத்தல் பாண்.
கீழே வேறொன்றுமில்லை என்று ஒரு கோடு.

அது பெப்ரவரி, கொழும்பில் ஒரு துளி விழாத பெப்ரவரி.
வெயிலுக்கும் குடை பிடிப்பார்கள்தானே
என்று எனக்கு நானே வாதாடினேன்.
யாராவது பொறுக்கிக்கொண்டு போயிருக்கலாம்.
இரண்டு தரம் எழும்பப் பார்த்தேன்.
மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வாய் உண்டு,
சொல் கிடையாது.

வெளியில், தேத்தண்ணிக் கடையடியில்
அவளுடைய மகன் வந்தான்.
"நீங்கதானே உள்ளுக்குத் தமிழ் சொன்னது?"
ஓம் என்றேன்.
"அம்மாட்ட நீலக் குடை ஒண்டு இருந்ததா?
நான் கண்ட மாதிரி இல்லையே."

பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.
புதுக்கடை வெயிலைப் பார்த்தபடி நின்றான்.
நான் வாயைத் திறக்குமுன்
அவன் முகம் மெல்ல இளகியது.

"இருந்தது, இருந்தது" என்றான்.
"கதவுக்குப் பின்னால
கொளுவி வைப்பா."