நெற்றி வேர்வை

கோப்பில் அவனுக்குப் பெயர் இல்லை.
அஞ்சலாட்சி குழந்தை, ஆண், நாலு மாதம்,
நாலு கிலோ இருநூறு.
சோனங்குப்பத்திலிருந்து பஸ் மாறிக்
கோரிமேட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குது என்று
மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறாள்.
மூன்று இடத்திலும் வயிற்றுவலிச் சொட்டு மருந்து.
ஓரிடத்தில் கூடுதலாக,
"வெயில் காலம்தானேம்மா."

உழைக்கிறவனுக்குத்தான் நெற்றி வேர்க்கும்.
இவனுக்கு ஒரு வாய்ப் பால்
துறைமுகத்தில் ஒரு பார் ஐஸ் இறக்குகிற வேலை.

பெருந்தமனியில் முளைக்கவேண்டிய இடது நாளம்
பக்கத்தில், நுரையீரல் தமனியில் முளைத்துவிட்டது.
அவ்வளவுதான் பிழை. ஒரு விரற்கடை.
வயிற்றில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை.
பிறந்து, மூச்சிழுத்து,
நுரையீரலில் அழுத்தம் இறங்க இறங்க
அந்த நாளம் கொடுப்பதை விட்டு
எடுக்கத் தொடங்கியது.

நான் பம்ப் ஓட்டுகிறவள்.
என் வேலைக்கு ஊருக்குத் தெரிந்த பெயர் கிடையாது.
ரெட்டியார்பாளையத்தில் எதிர்வீட்டுக்காரர்
தன் போர் மோட்டாரை
ஒருதரம் வந்து பார்க்கச் சொன்னார்.

குழாயில் காற்று இருக்கிறதா,
மூன்று முறை தட்டிப் பார்த்தேன்.
யாரோ கொடுத்த ஓ பாசிட்டிவ் சுற்றுகிறது.
"கிளாம்ப்" என்றார் டாக்டர் பெலிசித்தா.
குளிர்ந்த பொட்டாசியம் போயிற்று.
திரையில் அலை, சிற்றலை,
கோடு.

இனி அவன் இதயம் என் முழங்கைக்குப் பக்கத்தில்
உருளுகிறது.
இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது,
அளவு தப்பும்.

நாளத்தைப் பொத்தான்போல் வெட்டி எடுத்தார்.
கடைப் பொத்தான் இல்லை,
கைக்குழந்தைச் சட்டையில் தோளோரம் இருக்குமே, அது.
அதைப் பெருந்தமனியில் வைத்து
முடியைவிட மெல்லிய நூலால் தைக்கும்போது
அறையில் என் குரல் மட்டும்:
இருபது.
நாற்பது.
அறுபது நிமிஷம் டாக்டர்.

கிளாம்ப் எடுத்தபின் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு நடுக்கம். அது துடிப்பு இல்லை.
ஐந்து ஜூல்.
ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு.
ஓட்டத்தைக் குறைத்தேன்; அழுத்தம் முப்பத்தெட்டுக்கு விழுந்தது.
"திரும்பப் போ" என்றார். போனேன்.
"நாலு மாசப் பட்டினி. எழுந்ததும் ஓடச் சொன்னா எப்படி?"
யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

இரண்டாம் முறை
வீட்டில் தூங்குகிறவர்களைத் தாண்டிப் போவதுபோல்
குறைத்தேன்.
அறுபது. அறுபத்திரண்டு. நின்றது.
அங்கேயே நின்றது.
பம்ப்பை நிறுத்தினேன். மணி ஒன்று நாற்பது.
அப்போதுதான் பசி தெரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் அவள்.
பால் கட்டி நனைந்த ரவிக்கையைத்
தலைப்பால் மூடியிருந்தாள்.
டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.
என் பச்சைத் தொப்பியைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப நெத்தி வேர்க்குதா?"

அழுத்தம், வெப்பம், சிறுநீர், உப்பு,
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுதிய
நாலு தாள் கையில் இருக்கிறது.
அது மட்டும் இல்லை.

இருங்க என்று சொல்லி,
மாட்டிய செருப்பை
மறுபடி கழற்றினேன்.