இதுவே டிம்தான்

இருபத்து நான்கு வயதில்
ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டச் சொன்னேன்.
சிவாஜி நகர் நயாஸ் கேட்டான்:
"யோசிச்சிட்டியா? வெட்டினா ஒட்டாது."
கிரைண்டரில் பொறி பறந்ததை
தீபாவளி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து தரைக்கும் எனக்கும்
நான்கு விரல் இடைவெளி.
பானஸ்வாடியின் வேகத்தடைகள் அத்தனையும்
எனக்கு வயிற்றால் தெரியும்.
அது பகல் பிரச்சினை.

மேபலுக்கு இரவு ஒன்பதரைக்கு டூட்டி முடியும்.
ஜோவிட்டாவைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து
ரிங் ரோட்டில் ஏறினால்
சில்க் போர்டுக்கு முன்பே வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று,
என் கூரை உயரத்தில் பானட் வைத்த ஏதோ ஒன்று.
அதன் விளக்கை வெள்ளை என்று சொல்ல முடியாது.
வெல்டிங் கடையில் "பார்க்காதே" என்று விரட்டுவார்களே,
அந்த நீலம்.
நடுக் கண்ணாடியில், வலதில், இடதில்
மூன்று பக்கமும் உட்கார்ந்து விசாரிக்கும்.
என் கண்களின் குறுக்கே ஒரு பட்டை வெளிச்சம்:
பேப்பர் படத்தில் ஆள் தெரியாதிருக்கக்
கறுப்புப் பட்டை அடிப்பார்களே, அதன் நெகட்டிவ்.

வலது கண்ணாடியை வெளியே தள்ளிப் பார்த்தேன்.
அதில் வராமலே ஒரு பைக் வந்து உரசிவிட்டுப் போனது.
பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினேன்,
மடிவாளாவில் போலீஸ்காரர் நகத்தாலேயே உரித்தார்,
ரசீதும் கொடுத்தார்.
பிறகு சலூன் நாற்காலியில் சாய்ந்தவன்போல்
கழுத்தை ஒருபக்கம் ஒடித்தே ஓட்டினேன்.
தைலம் தேய்த்துவிட்ட மேபல்
"கழுத்துக்கும் ஸ்பிரிங் வெட்டிக்கிட்டியா?" என்றாள்.

ஒருநாள் சிக்னலில் இறங்கிப் பின்னால் போனேன்.
"சார், ஸ்வல்ப டிம் மாடி."
ஜன்னலை இறக்கி, வெகு உயரத்திலிருந்து என்னைப் பார்த்து,
கோபமே இல்லாமல் அவர் சொன்னார்:
"இதே டிம்மு சார். நிம் காடினே கெளகிரோது."
இதுவே டிம்தானாம்.
என் வண்டிதான் கீழே இருக்கிறதாம்.
பச்சை விழுந்தது.
அத்தனை ஹாரன்களும் அவர் கட்சி.

மிச்சமிருந்தது அந்தக் குட்டி நெம்புகோல்,
நடுக் கண்ணாடியின் தாடைக்குக் கீழே தொங்குவது.
பத்து வருடமாக அதில்
பேருந்து நிறுத்தத்தில் வாங்கிய ஜெபமாலை மாட்டியிருந்தேன்.
ஒரு தட்டுத் தட்டினால்
கண்ணாடி முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொள்கிறது.
பின்னால் வரும் சூரியன்
தேய்ந்த நாலணாவாகிவிடுகிறது.
இவ்வளவுதானா என்றிருந்தது.

நேற்று பொம்மனஹள்ளி தாண்டி
தட்டப்போன விரல் நின்றுவிட்டது.
அந்த வெளிச்சத்தின் நடுவே ஜோவிட்டா.
தலை கதவோரம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.
முடியின் விளிம்பெல்லாம் எரிகிறது.
பின்னாலிருந்து ஒளி ஊடுருவி
ஒரு காது மட்டும் சிவப்பாக,
உள்ளே ஓடும் நரம்போடு,
விளக்கின்முன் பிடித்த முட்டைபோல.

தட்டினால் அவளும் போய்விடுவாள்.
கூரைத்துணியின் இருட்டுதான் மிஞ்சும்.

கூட்லு கேட் வரை தட்டவில்லை.
ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்,
அடுத்ததில் தண்ணீர் வழிந்தது.
முந்திப் போக எத்தனை இடம் விட்டும்
அந்த ஆளும் போகவில்லை, நல்ல மனிதர்.
பிறகு ஏதோ ஒரு திருப்பத்தில்
அவர் இல்லை, காதும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசல் தடையில் வயிறு உரசியது.
"வந்துட்டோமா?" என்றது இருட்டு.

மேபல் ஏறி, கதவைச் சாத்தி,
என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி,
"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள்.

"ஒருத்தனும் டிம் போடமாட்டேங்கிறான்" என்றேன்.