நோய் விளையும் வயல்

நக்குருவுக்கு மேலே, இந்த மேட்டில்
நாங்கள் நோயைத்தான் பயிரிடுகிறோம்.
கோதுமை அதற்குத் தீனி.

எந்தெந்த நாட்டிலிருந்தோ
உறைகளில் வருகிறது விதை.
ஊர் இல்லை, பெயர் இல்லை,
எண் மட்டும்.
கதிர் பொதியும் பருவத்தில்
ஓர வரிசைத் தண்டுகளுக்குள்
ஊசியால் துருநோயை ஏற்றுகிறாள் ஜெரோட்டிச்.
மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் மண்டியிட்டு நகர்கிறாள்.
நான் பின்னால், குறிப்பேட்டோடு.

1187.
கதிர் கனத்துத் தலைசாய்ந்து நிற்கிற அழகு.
தண்டைப் புரட்டினால் செங்கல் பொடி.
"தொண்ணூறு. எழுது."
எழுதினேன்.
1188, தொண்ணூறு. 1189, எண்பது.
1203 குட்டை, சோகை,
கதிருக்கு எட்டு மணி தேறினால் அதிகம்.
தண்டில் ஊசிமுனையாக நாலைந்து புள்ளி.
அவ்வளவுதான்.
கதவு திறக்காத வீட்டிலிருந்து
திரும்பிப் போயிருக்கிறது நோய்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
சிவப்பு நூல் கட்டினாள்.

வேலிக்கு அப்பால் அவள் அண்ணன் கிப்டூவின் இரண்டு ஏக்கர்.
அதுவும் சிவந்துவிட்டது.
"உன் வயலிலிருந்துதான்."
"காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கிறது."
சொன்னாள். சொல்லும்போது
வேலியைப் பார்க்கவில்லை.
தினமும் குளித்து, உடை மாற்றி,
காலணியைக் கழுவித்தான் வாசலைத் தாண்டுகிறோம்.
துருவுக்கு வாசல் எதற்கு?

"அந்தக் குட்டையில் ஒரு பிடி கொடேன்."
"அதைத் தின்று பிழைக்க முடியாது.
நல்ல கதிரோடு கலக்கணும், பிரிக்கணும்,
மறுபடி கலக்கணும். ஒன்பது வருஷம்."
"ஒன்பது வருஷம்."
அண்ணன் தன் வயலுக்குச் சொன்னான்.
"அதுவரை?"

அந்தக் கேள்விக்கு
எங்கள் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.
சம்பளப் பணத்தில் மருந்து வாங்கினாள்.
இரண்டு பேரும் முதுகில் டப்பா கட்டி அடித்தார்கள்.
பாதி தப்பியது. பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

அன்று இரவு கிப்டூ வீட்டில் எனக்கும் சாப்பாடு.
சப்பாத்தி, கடை மாவு.
எந்தக் கடல் தாண்டி வந்ததோ.
யாரோ, எங்கோ, எத்தனையோ வருஷம் முன்னால்
மண்டியிட்டு ஒரு சோகைப் பயிருக்கு
நூல் கட்டியிருக்க வேண்டும்.
இதை நான் சொல்லவில்லை;
அந்த வீட்டில் அன்று சொல்கிற பேச்சில்லை.
கிப்டூ பாதி கிழித்துத் தங்கையிடம் நீட்டினான்.
வாங்கிய விரலில்,
எத்தனை சோப்புக்கும் போகாமல்,
நகக்கண்ணில் செம்பழுப்பு.

விடிந்தால் 1204.