நாலு மடங்கு வேகம்

எங்கள் கடையில் எரிக்கிறது என்று சொல்வதில்லை.
சீடியில் எழுதுகிறது என்றுதான் சொல்வோம்.
வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்ன ஒரே சட்டம்.
காரணம் நான் கேட்கவில்லை.
யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்கத் தேவையில்லை.

குருநகர் ஐஸ் ஆலையிலிருந்து வந்தார் அமலதாஸ்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு சீடியை நீட்டினார்.
"மருமோன் அடிச்சுத் தந்தவன்.
மிசின் பாக்குது, பாத்திட்டுச் சும்மா இருக்குது."
போட்டுப் பார்த்தேன்.
உள்ளே ஒரேயொரு கோப்பு, முழுசாக.
சமைக்கச் சொன்னால்
அரிசிப் பையைக் கட்டவிழ்க்காமல்
பானைக்குள் இறக்கிய மாதிரி.
"இதைப் பிரிச்சு எழுதவேணும் அண்ணை."
"எனக்கது விளங்காது பிள்ளை.
அந்தக் கொம்பியூட்டர் எழும்பினால்தான் கொம்பிரசர் எழும்பும்.
விடிய போட்டுகள் வந்திடும்."
தொண்ணூற்றெட்டில் பிறந்த கொம்பியூட்டர்.
பென்டிரைவை அதற்கு முகம் தெரியாது.

பெட்டிக்குள் மிச்சம் நாலு வெற்றுத் தட்டு.
கப்பல் வராத வருசம், கொழும்பிலும் இல்லையாம்.
ஆறு நாற்பதுக்கு எங்கள் குழுவுக்குக் கரண்ட் போகும்.
அட்டவணை சுவரில், மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில்.

அவசரம்தானே என்று முழு வேகத்தில் விட்டேன்.
தொண்ணூற்றேழு வீதத்தில் நின்று
பவர் கலிபிரேசன் பிழை என்றது.
பலாலி வீதியைக் கிண்டிப் போட்ட நாளிலிருந்து
எல்லாவற்றின் கண்ணிலும் செம்மண்.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
குழந்தைக்குப் பீளை எடுப்பதுபோல்
லேசரின் கண்ணைத் துடைத்தேன்.

அடுத்தது பதினாறில். நூறு வரை ஓடி
சரிபார்க்கையில் இடறியது.
எட்டில் இன்னொன்று.
அதே இடத்தில் இடறியது.

அதே இடம்.

ஒரே இடத்தில் இருமுறை இடறினால்
பிழை காலில் இல்லை.
தட்டைத் திட்டியிருந்தேன், தூசியைத் திட்டியிருந்தேன்,
கண்டிராத மருமகனையும் மனதுக்குள்.
மூலக் கோப்பின் கைநாட்டை ஒப்பிட்டுப் பார்க்கவேயில்லை.
முப்பத்திரண்டு எழுத்து.
முதலாவதே வேறு.
இறங்கும்போது எங்கோ சிக்னல் அறுந்து
அறுந்ததைச் சொல்லாமல்
முடிந்துவிட்டேன் என்று வந்து நின்ற கோப்பு.

மொட்டைமாடிக்கு ஏறினோம்.
டொங்கிளை நான் மடிகணினியில் செருக
"வயர் நீளம்தானே, தாங்கோ" என்று வாங்கி
மெழுகுதிரி பிடிப்பதுபோல் இரண்டு கையாலும்
ஒரு மணித்தியாலம் உயர்த்திப் பிடித்தார் அமலதாஸ்.
கை மாற்றவில்லை. மீன் மணந்தது.
இரண்டு தரம் போன் அடித்தது, எடுக்கவில்லை.

ஆறு பத்தொன்பது.
முப்பத்திரண்டும் பொருந்தின.
எட்டு மடங்கென்றால் பத்து நிமிசம்,
நாலென்றால் இருபது.
கிழட்டு டிரைவ் ஆறுதலாய் எழுதினதைத்தான் வாசிக்கும்.
நாலை அழுத்தினேன்.

கரண்ட் ஆறு முப்பத்திமூன்றுக்கே போனது.
அட்டவணைக்கும் பிழை வரும்.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அதன் பற்றரிக்கு ஐந்து நிமிச ஆயுசு,
திரையை நிற்பாட்டினால் கொஞ்சம் கூட.
நிற்பாட்டினேன்.
இருட்டில் ஒரு செம்மஞ்சள் புள்ளி
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
எத்தனை வீதம் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

தட்டு தானாக வெளியே வந்தது.
முடிந்தாலும் அப்படித்தான் வரும்,
பிழைத்தாலும் அப்படித்தான் வரும்.
சரிபார்க்கக் கரண்ட் இல்லை.
அவர் அதைச் சேட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.
"காசு பிறகு" என்றேன்.

எட்டேகாலுக்குப் போன்.
"பிள்ளை, நீலமா நிக்குது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பொறு, பொறு. எழுத்து வருது. வாசிக்கட்டோ?"
"வாசியுங்கோ."
"இங்கிலிசு. எல்... ஓ... ஏ...
பிறகு புள்ளி.
புள்ளி.
புள்ளி.
இன்னும் வருது பிள்ளை, புள்ளி"