எந்த மடையன் ஒட்டியது

வாடகைக் கடைக்காரன்
நாலு மணிக்குள் திருப்பச் சொல்லியிருந்தான்.
தாண்டினால் இன்னொரு நாள் கணக்கு.
பதினோரு கிலோ, அகன்ற உளி தனி.
தூங்கும் நாயைத் தூக்குவதுபோல்
டூகல் அதை இரு கையிலும் ஏந்தி வந்தான்.

கதவுக்குப் பாலிதீன் ஒட்டினோம்.
முகமூடி, காதடைப்பான், கண்ணாடி.
ஒருவருக்கொருவர் அந்நியராகி
கட்டைவிரலால் பேசிக்கொண்டோம்.
வெளியே தெற்குக் காற்று.
இன்வர்கார்கிலில் அதற்கு விடுமுறை கிடையாது.

முதல் டைல் வாசலோரம் அழகாய் வந்தது,
ஆறிய புண்ணின் பொருக்குபோல்.
அடுத்த வரிசையில் உளி துள்ளியது.
அதற்கடுத்ததில் பொறி பறந்தது.
பிறகு நகத்தளவு நகத்தளவாய்ச் சில்லு.
அவன் முழங்கைக்குக் கீழே சிவப்பாய் ஒரு கோடு,
அவனுக்குத் தெரியவில்லை.

விசையை விட்டான்.
ஓசை நின்ற பிறகும் பற்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி,
“எந்த மடையன் ஒட்டியது இதை?
வீடே விழுந்தாலும் இது விழாது” என்றான்.

நான் வாளியைப் பார்த்தேன்.

அந்த மடையனுக்குக் கலவை பிசைந்து கொடுத்தவள் நான்.
பதினேழு வருடத்துக்கு முன், இதே முழங்கால்கள்.
வாரிக் மட்டப்பலகையோடு தவழ்ந்துகொண்டிருந்தான்.
பையில் எழுதியிருந்த அளவைப் படித்துவிட்டு
லேடெக்ஸ் பாலை அதற்கு மேலும் ஊற்றினேன்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
எதுவும் ஆடிவிடக் கூடாதென்று
அப்போது எனக்கொரு வெறி.
டைல் ஆடவில்லை.
ஆடியது வேறு.
அதைப் பற்றி எழுத இங்கே எதுவுமில்லை.
அவன் நெல்சனில் படகு பழுதுபார்க்கிறான்,
கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறான்,
என் பெயரில் இன்னமும் ஓர் எழுத்துப் பிழையோடு.

முன்னே ஒருவன் இருந்தானென்று டூகலுக்குத் தெரியும்.
தரை அவன் போட்டதென்று தெரியாது.
வாங்கியபோதே இப்படித்தான் என்று
அவனாக நினைத்துக்கொண்டான்.
நான் பொய் சொல்லவில்லை.
அதன்மேல் நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்,
காலுறையோடு, தினமும், தேநீர் போட.

மதியம் சீஸ் ரோலில் தூசி.
வெண்ணெயில் தூசி.
மூடிய இழுப்பறைக்குள் கரண்டிக் குழிகளிலும் தூசி;
பாலிதீன் எதற்கு ஒட்டினோமோ.
இரண்டு மணிக்குக் கால்வாசிகூட ஆகவில்லை.
அவன் கைகள் தாமாக நடுங்கின.
கோப்பை தட்டின்மேல் தந்தியடித்தது.

“கொடு” என்றேன்.

ஃப்ரிட்ஜ் நின்ற மூலைக்கு இழுத்துப் போனேன்.
அன்றிரவு கலவை அங்கே வந்ததும் தீர்ந்துபோனது. கடையும் மூடியிருந்தது.
வாளியைச் சுரண்டி, டைலுக்கு ஐந்து உருண்டை:
நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று.
“ஃப்ரிட்ஜுக்கு அடியில்
எந்தக் கடவுள் குனிந்து பார்க்கப் போகிறார்?”
என்றான் வாரிக்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
சிரித்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

உளியைத் தரையோடு தரையாய்ப் படுக்கவைத்தேன்.
அழுத்தவில்லை, எடையையே வேலை செய்ய விட்டேன்.
ஒன்று வந்தது, முழுதாய்.
இன்னொன்று, முழுதாய்.
ஒன்பது டைல்கள்
விருந்து முடிந்த தட்டுகள்போல் கழன்று வந்தன.

டூகல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான்.
ஐந்து உருண்டைகள்.
நடு உருண்டையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.
சின்ன விரல்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு என் கையுறையைப் பார்த்தான்.

நான் காதடைப்பானைக் கழற்றவில்லை.
அவன் வாய் அசைந்தது.
கேள்வியாக இருக்கலாம்.
மணி மூன்றாகிவிட்டது என்பதாகவும் இருக்கலாம்.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மூன்றே முக்காலுக்கு வண்டியில்
சூடு ஆறாத எந்திரம் என் மடியில்.
டீ தெரு சிக்னலில்
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்
“மடையர்கள்” என்று திருத்தினான்.

பச்சை விழுந்தது.
இன்னும் பாதித் தரை பாக்கி.