தட்டு

தாம்பெரேயில், பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
மரத்தட்டுகளை வாரவாடகைக்கு விடுகிறார்கள்.
முப்பது யூரோ கொடுத்தால் ஒரு தட்டு, ஓர் எண்.
வேண்டாததை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.
விற்றவர் முகத்தை வாங்கியவர் பார்ப்பதில்லை.

வியாழன் காலை ஒன்பதுக்கு நான் அங்கே நிற்பேன்.
இரவெல்லாம் டிராம் ஓட்டிய சீருடை,
பூட்ஸில் இன்னும் உருகாத பனி,
பையில் பத்து யூரோ.
அதற்குமேல் கொண்டுபோவதில்லை,
என்னை எனக்குத் தெரியும்.

நாற்பத்தேழாம் தட்டில் இரண்டு தட்டுகள்.
நீலக் கரை, நடுவில் ஒரு கொத்துச் செம்பழம்,
ஒன்று ஒன்றரை யூரோ.
இவ்வளவு மலிவென்றால் எங்கோ விரிசல் இருக்கும்.
விரல்நுனிகளில் நிறுத்தி நகத்தால் தட்டினேன்.
விரிசல் விட்டது டொக்கென்று செத்துப்போகும்;
இது நீண்டது,
பழைய விளக்குகளைத் தாண்டி, கோட்டுகளைத் தாண்டிப் போய்
கல்லாவிலிருந்த சிர்க்காவை நிமிரவைத்தது.
“இன்னொரு தரம் தட்டேன்” என்றாள்.

கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி வந்தேன்.
ஒரே ஒரு மூளி, அரைப் பயறு அளவு.
முதுகில் முத்திரை பாதி தேய்ந்திருந்தது.
முகத்தில் கத்திக் கீறல்கள்,
எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தவை.
இடதுகைக்காரர் வீடு.

அடுத்த வியாழன் மேலும் இரண்டு.
அதற்கடுத்தும் இரண்டு.
விலைச்சீட்டில், நாற்பத்தேழின்
ஏழுக்கு இடுப்பில் கோடிழுக்கும் அதே பேனா.
மொத்தமாகக் கொடுத்தால் நல்ல காசு பார்க்கலாமே,
இதென்ன சொட்டுச் சொட்டாய்?
பேருந்தில் வருகிறாரோ, பை தாங்காதோ,
இரண்டிரண்டாகத்தான்
மனம் வருகிறதோ.
எனக்கு லாபம், அதையும் மறைப்பதற்கில்லை.
கடைவீதியில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் இதே நீலம்
ஒன்று இருபத்தெட்டு.

நவம்பர் கடைசியில் பத்து சேர்ந்தது.
டிசம்பர் முதல் வியாழன்
ஒன்றே ஒன்று, சுவரில் சாய்ந்து.
அதற்கும் ஒன்றரைதான்.

பன்னிரண்டாவதுக்காக மூன்று வாரம் அலைந்தேன்.
பல்வலி என்று ஓய்வாவிடம் பொய் சொல்லி
ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன்.
நாலாம் வாரம் நாற்பத்தேழில்
ஒரு வாஃபிள் இரும்பு,
குழந்தையின் சறுக்குக் காலணிகள்,
லேஸ்கூட அவிழ்க்காமல்.
எண் கைமாறிவிட்டது.

“யாரென்று சொல்லக்கூடாது” என்றாள் சிர்க்கா.
சொல்லவில்லை.
இடதுகையால் கையெழுத்துப் போடுகிறவள்போல்
காற்றில் ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.

வீட்டில் கழுவித் துடைத்து அடுக்கும்போதுதான் உறைத்தது.
தொலைந்ததல்ல அது.
பின்னே,
அவர் எதில் சாப்பிடுவார்?

பதினொரு தட்டு. என் மேசைக்கு நாலு நாற்காலி.
இத்தனை வருடத்தில் நான் யாரையும் அழைத்ததில்லை.
டிப்போவில் பத்துப் பேரைக் கூப்பிட்டேன், பத்துப் பேரும் வந்தார்கள்,
ஜன்னல் திண்டிலும் கட்டில் ஓரத்திலுமாய்
ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் தின்றார்கள்.
ஓய்வா தட்டைக் கவிழ்த்து முத்திரை பார்த்தான்,
குழம்பு மடியில் கொட்டியது.
அவர் கீறல்களின்மேல் எங்கள் கீறல்கள்
குறுக்கே விழுந்தன.
என் பல்வலியை விசாரித்தார்கள்.

ஜனவரி. ஹெர்வந்தாவுக்குப் போகும் கடைசி டிராம்,
உள்ளே யாருமில்லை.
மூன்றாம் மாடியில் ஒரு சமையலறை எரிகிறது;
யாரோ எதையோ துடைத்துக்கொண்டிருக்கிறார்,
ஒரே சாமானை, வெகுநேரமாக.
எந்தக் கை என்று இங்கிருந்து தெரியவில்லை.
அவராக இருக்க வேண்டியதுமில்லை.

தண்டவாளம் காலி, வழிமறிக்க ஒரு நாய்கூட இல்லை.
இருந்தும் மணியை
ஒரு தட்டுத் தட்டினேன்.