அறுபது நொடி

சூரியன் போய் ஆறு வாரம்.
வாட்ஸோவில் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.
பேருந்து மாதிரிதான். வரும்போது வரும்.

எனக்குத்தான் அவசரம்.
முன்கண்ணாடியில் கல் பட்ட இடம்
மிளகளவு, மூன்று கால்,
சரியாக என் பார்வைக்கு நேரே.
நேற்று ஒரு கால் விரற்கடை நீண்டுவிட்டது.
உள்ளே ஹீட்டர், வெளியே மைனஸ் பதினெட்டு,
நடுவில் நிற்பது என்ன செய்யும், பாவம்.

கல் யாருடையது என்று தெரியும்.
சரளை தூவும் ஓட்வாரின் லாரி,
மூன்றாம் வளைவு, டிசம்பர் நான்கு, காலை ஆறேகால்.
அவனுக்கும் தெரியும்.
அன்றிலிருந்து தபால்பெட்டி அருகே
இரண்டு பேரும் வானத்தைப் பார்க்கிறோம்.

வாங்கி வந்த டப்பாவில்
ஒரு உறிஞ்சுபிடி, ஒரு திருகு,
நாலு சொட்டுக்கு மேல் கொள்ளாத குப்பி,
ஒரு சீட்டு நிறையப் படங்கள்.
ஆறாவது படத்தில் சிரிக்கும் சூரியன்:
வெயிலில் பதினைந்து நிமிடம் நிறுத்தவும்.
கராஜில் தனியாகச் சிரித்தேன்.
வெயிலாம்.

ஆனாலும் தொடங்கினேன்.
ஊசி நுனியால் கண்ணாடிப் பொடியை எடுத்தேன்.
ஹேர்டிரையரைத் தள்ளிப் பிடித்து ஈரம் போக்கினேன்.
வீடு வீடாய்ப் போய் நரம்பு தேடுகிற கை,
நடுங்கவில்லை.
சொட்டு இறங்கியது. திருகினேன்.
பின்னுக்குத் திருகிக் காற்றை வெளியே விட்டேன்,
மறுபடி முன்னுக்கு.
ஒரு கால் மறைந்தது. இன்னொன்று.
மூன்றாவது, ஒரு குமிழோடு கொஞ்ச நேரம் வாதாடி,
அதுவும் மறைந்தது.

இனி இறுக வேண்டும்.
காலை ஏழுக்கு மங்ஹில்டுக்கு இன்சுலின்.

கதவருகே ஓட்வார்.
"விளக்கு எரிந்தது" என்றான்.
கண்ணாடியைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்,
ஆறாவது படத்தை அதிக நேரம் பார்த்தான்.
போய்விட்டான்.
போகட்டும் என்று இருந்தேன்.

திரும்பி வந்தபோது கூடவே மகன் எய்லிஃப்,
கையில் இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் பெட்டி.
"நகப்பூச்சு காயவைக்கிறது.
இதிலும் புற ஊதாக் கதிர்தான்."
கையுறையைக் கழற்றினான். பத்து நகமும் கறுப்பு,
சுண்டுவிரலில் மட்டும் வெள்ளிப் புள்ளி.
அப்பன் எண்ணெய் டின்னின் லேபிளைப்
படித்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிமேல் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்தான் பையன்.
அறுபது நொடி. தானாக அணையும்.
மறுபடி அழுத்தினான். மறுபடி.
ஊதா வெளிச்சத்தில் மூன்று பேர்,
பேச ஒன்றுமில்லை.
ஐந்தாம் சுற்றில் ஓட்வார் சொன்னான்:
"அந்த வளைவில் நான் மெதுவாகப் போயிருக்கலாம்."
"நான் இடைவெளி விட்டிருக்கலாம்."
அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஒன்பது சுற்று. பிளேடால் மேலே மிஞ்சியதைச் சுரண்டினேன்.
குப்பியை மூடுகிறேன் என்று ஓட்வார்
கட்டைவிரல் நகத்தில் கடைசிச் சொட்டைக் கொட்டிக்கொண்டான்.
துடைக்கத் துணி தேடினான்.
"இரு" என்றான் எய்லிஃப்,
அப்பன் கையை இழுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

அறுபது நொடி.
கையை எடுக்கவில்லை.

இப்போது அங்கே ஒரு மங்கல்,
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
மூன்றாம் வளைவில் லாரி எதிர்ப்பட்டால்
விளக்கைத் தாழ்த்துகிறான்.
கட்டைவிரலும் உயர்கிறது என்று நினைக்கிறேன்,
இருட்டில் அவ்வளவு சரியாகத் தெரிவதில்லை.